திராட்சைக் கொடிகளை வெட்டச் சொன்ன அரசன்

டான்யூப் நதி ருமேனியாவுக்கும் செர்பியாவுக்கும் நடுவே மலையைப் பிளந்துகொண்டு ஓடுகிறது. அங்கே ஒர்ஷோவா என்ற ஊருக்கு அருகில், ஆற்றங்கரைப் பாறையில் ஒரு முகம் செதுக்கியிருக்கிறார்கள். உயரம் 40 மீட்டருக்கும் மேல். ஐரோப்பாவின் மிகப் பெரிய பாறைச் சிற்பம் இதுதான் என்று படகோட்டிகள் சொல்கிறார்கள். 1994-ல் தொடங்கி 2004 வரை பத்து ஆண்டுகள் உளி வைத்திருக்கிறார்கள். செலவை ஏற்றவர் யோசிஃப் கொன்ஸ்டான்டின் டிரகான் என்ற செல்வந்தர். முகத்துக்குக் கீழே அரசன் பெயரோடு தன் பெயரையும் லத்தீனில் பொறித்துக்கொண்டார். அரசன் டெசிபாலஸ். கி.பி. 106-ல் ரோமப் பேரரசர் டிராஜனிடம் தோற்று, உயிரோடு பிடிபடக் கூடாது என்று தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்ட டேசிய மன்னன்.

நான் தேடிப் போனது இவரை இல்லை. இவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால் வாழ்ந்த புரேபிஸ்டாவை. கார்பேத்திய மலைகளிலும் டான்யூப் சமவெளியிலும் ஆளுக்கொரு தலைவன் என்று சிதறிக் கிடந்த டேசியக் குலங்களை முதன்முதலில் ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்தவர். ருமேனியப் பள்ளிப் பாடங்களில் இவர் காலம் கி.மு. 82 முதல் 44 வரை. ஒன்றிணைத்த இவருக்கு அந்தக் காலத்துச் சிலை ஒன்றும் இல்லை, கல்லறை இல்லை, பெயர் பொறித்த நாணயமும் இல்லை. தோற்றுப்போன டெசிபாலஸின் உருவம் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது. வென்றவன் ரோமில் கி.பி. 113-ல் ஒரு தூண் நட்டு, போர் முழுவதையும் அதில் செதுக்கிவைத்ததே காரணம். புரேபிஸ்டாவை எந்த ரோமப் படையும் தோற்கடிக்கவில்லை. அதனால் அவரைச் செதுக்கவும் யாரும் இல்லாமல் போனார்கள்.

அவரைப் பற்றிப் பழைய எழுத்தில் இருப்பதையெல்லாம் சேர்த்தாலும் சில பக்கங்கள்தான் தேறும். அதில் பெரும்பகுதி ஸ்ட்ராபோ எழுதியது. அகஸ்டஸ் காலத்தில் உலக நிலவியலை 17 புத்தகங்களாக எழுதிய இந்தக் கிரேக்கர் நமக்கும் தெரிந்தவர்தான். செங்கடல் துறைமுகத்திலிருந்து 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போய்வந்ததையும், பாண்டியனோ போரஸோ ஓர் அரசன் அகஸ்டஸுக்குப் பரிசுகளும் தூதும் அனுப்பியதையும் குறித்துவைத்தவர் இவரே. அதே நூலின் ஏழாவது புத்தகத்தில் புரேபிஸ்டா வருகிறார். டான்யூபின் கீழ்ப்பகுதிக்காரர்களை கெட்டே என்றும் மேற்பகுதிக்காரர்களை டேசியர் என்றும் அழைத்தார்கள், இரு தரப்புக்கும் மொழி ஒன்றே என்கிறார் ஸ்ட்ராபோ.

அவர் சொல்லும் கதை சுருக்கமானது. ஓயாத சண்டைகளால் நொந்துபோன ஒரு மக்களின் தலைமைக்கு வந்தார் புரேபிஸ்டா. உடற்பயிற்சி, குடிக்காமலிருத்தல், கட்டளைக்குப் பணிதல் ஆகியவற்றைப் பழக்கினார். சில ஆண்டுகளில் அக்கம்பக்கத்தவரெல்லாம் அவருக்கு அடங்கினார்கள். டான்யூபைத் தாண்டி மாசிடோனியா வரை போய்க் கொள்ளையடித்தார். மேற்கே இருந்த போயி, டாரிஸ்கி என்ற இரண்டு கெல்ட் இனத்தவரையும் அடியோடு அழித்தார். கூடவே ஒரு பூசாரி இருந்தார், பெயர் டெசெனியஸ். எகிப்தில் சுற்றித் திரிந்து குறி சொல்லக் கற்றுவந்தவர். அரசன் ஆணையிடுவான், தெய்வத்தின் வாக்கும் அதுவே என்று பூசாரி சொல்வார். மக்கள் எந்த அளவுக்குப் பணிந்துபோனார்கள் என்பதற்கு ஸ்ட்ராபோ ஒரே ஒரு சான்று தருகிறார்: தங்கள் திராட்சைக் கொடிகளைத் தாங்களே வெட்டிப்போட்டுவிட்டு, மது இல்லாமல் வாழச் சம்மதித்தார்கள்.

இந்த ஒரு செய்திதான் என்னை அந்த மலைக்கு இழுத்தது. ஊர் ஊராகப் படை நடத்திய அரசர்கள் வரலாற்றில் நிறைய. சொந்த மக்களின் சாடியில் கைவைத்து, அதற்குப் பிறகும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் குறைவு.

சிபியு நகரில் வாடகைக்குப் பிடித்த கார் டாச்சியா டஸ்டர். டாச்சியா என்பது 1966-ல் தொடங்கிய ருமேனியக் கார் நிறுவனம். பழைய நாட்டின் பெயரையே வைத்துக்கொண்டது. இதே டஸ்டரை ரெனோ முத்திரையோடு 2012 முதல் நம் ஒரகடத்தில் செய்து இந்தியச் சாலைகளில் ஓடவிட்டார்கள். ஓட்டுநருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஒரகடத்துச் செய்தியைச் சொன்னதும், "அப்படியானால் நீங்களும் பாதி டேசியர்தான்" என்று சிரித்தார்.

புறப்படும் முன் பயணிகளுக்கு ஓர் எச்சரிக்கை. கைப்பேசி வரைபடத்தில் சர்மிசெகெதுசா என்று மட்டும் தட்டினால் அது உங்களை ஹட்செக் சமவெளியில் உள்ள ஒரு கிராமத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே இருப்பது டிராஜன் கட்டிய ரோம நகரம். டேசியரை வென்ற பிறகு, அவர்களுடைய தலைநகரின் பெயரையே புதிய ஊருக்கும் சூட்டிவிட்டார்கள். டேசியத் தலைநகர் வேறு. அது சர்மிசெகெதுசா ரெஜியா. அங்கே போக ஒரஷ்டியே என்ற சிறு நகரத்துக்கு வந்து, அங்கிருந்து தெற்கே மலைக்குள் திரும்ப வேண்டும்.

ஒரஷ்டியேவைத் தாண்டியதும் சாலை ஓர் ஆற்றின் கூடவே வளைந்து வளைந்து ஏறுகிறது. இரு பக்கமும் பிளம் மரங்கள், வைக்கோல் போர்கள், அதற்கு மேலே பீச் மரக்காடு. சுமார் 20 கிலோமீட்டரில் கொஸ்தேஷ்ட்டி. இந்த மலைத்தொடரில் ஆறு டேசியக் கோட்டைகளைச் சேர்த்து 1999-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. அவற்றில் இரண்டு இந்தக் கிராமத்தின் தலைக்கு மேலேயே இருக்கின்றன. ஒன்று செதத்சூயே, மற்றது பிளிதாரு.

செதத்சூயே பெரிய மலை இல்லை; கடல் மட்டத்திலிருந்து 561 மீட்டர்தான். ஆனாலும் காட்டுப்பாதை மூச்சு வாங்கவைக்கிறது. முதலில் கண்ணில் படுவது ஒரு மண்மேடு. மரவேலியோடு எழுப்பிய பழைய அரண் அது, இன்று புல் மூடிக் கிடக்கிறது. அதைத் தாண்டினால் சுண்ணாம்புக்கல் சுவர். அதற்கும் மேலே, அகலமான ஒரு கல் படிக்கட்டு ஏறிப்போய் ஒரு கோபுர வீட்டின் வாசலில் முடிகிறது. காட்டுக்கு நடுவில் இப்படியொரு படிக்கட்டை நான் எதிர்பார்க்கவில்லை. காவலுக்கு மட்டும் கட்டிய இடத்தில் இவ்வளவு அகலமான படி தேவையில்லை. வருகிறவன் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே ஏற வேண்டும் என்று நினைத்தவன் கட்டியது இது.

கோபுர வீடுகள் இரண்டு. அடிப்பகுதி செதுக்கிய கல், மேலே செங்கல். மழையில் கரைந்துவிடாமலிருக்க இப்போது கூரை போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் கோயில்களின் மிச்சம்: வட்டமான சுண்ணாம்புக்கல் பீடங்கள் வரிசை வரிசையாக. மேலே நின்ற மரத்தூண்கள் மண்ணோடு போய்விட்டன. புரேபிஸ்டாவின் இருப்பிடம் இதுவாகத்தான் இருக்கும் என்று பல தொல்லியலாளர்கள் கருதுகிறார்கள். வேறு சிலர் புக்கரெஸ்டுக்கு அருகில் அர்ஜெஷ் ஆற்றங்கரையில் உள்ள போப்பெஷ்டியைக் காட்டுகிறார்கள். பெயர் எழுதிய கல் ஒன்றும் இரண்டு இடத்திலும் கிடைக்கவில்லை. எனக்கு அந்தப் படிக்கட்டே போதுமான வாதமாகத் தோன்றியது. வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்க வேண்டியதில்லை.

சுவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டேசியச் சுவரில் சாந்து கிடையாது. செதுக்கிய கற்களை அடுக்கி உள்முகம் ஒன்று, வெளிமுகம் ஒன்று எழுப்புவார்கள். நடுவில் மண்ணும் உடைகல்லும் கொட்டி இறுக்குவார்கள். கனம் சுமார் மூன்று மீட்டர். இரண்டு முகமும் விலகிப் போகாமலிருக்கக் குறுக்கே மரச்சட்டம் போடுவார்கள். சட்டத்தின் நுனி உருவிக்கொள்ளாதபடி கல்லின் மேற்புறத்தில் உள்ளே குறுகியும் வெளியே விரிந்தும் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அந்தப் பள்ளங்களை இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம். மரம் உளுத்துப்போன பிறகு சுவர்கள் ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் சாய்ந்தன.

இந்தச் சுண்ணாம்புக்கல் இங்கே கிடைப்பதில்லை. காலான் ஊருக்கு அருகிலுள்ள மகூரா குன்றில் வெட்டி, பல பத்துக் கிலோமீட்டர் இழுத்து, மலைமேல் ஏற்றியிருக்கிறார்கள். கல்லைச் சதுரமாகச் செதுக்கும் முறை கிரேக்கர்களுடையது. இந்த மலைகளில் சில கற்களில் கிரேக்க எழுத்துகளே கொத்தனார் குறியாக வெட்டப்பட்டிருக்கின்றன. கருங்கடல் ஓரத்துக் கிரேக்க நகரங்களை ஒவ்வொன்றாகப் பணியவைத்த அரசன், அங்கிருந்து தானியத்தையும் பொன்னையும் மட்டும் கொண்டுவரவில்லை, கொத்தனார்களையும் கொண்டுவந்தான் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். நம்பக்கூடிய ஊகம். கடற்கரைக்கு நான் போக வேண்டும் என்று முடிவானது இந்த மலையில் வைத்துத்தான்.

பிளிதாரு இன்னும் உயரத்தில், 705 மீட்டரில் இருக்கிறது. ஒன்றையொன்று ஒட்டிய இரண்டு கோட்டைகள். சுவருக்கு வெளியே ரோம முறைப்படி நீர் கசியாத சாந்து பூசிய ஒரு தொட்டி. கோட்டைக்குள் ஊற்று இல்லை என்பதால், முற்றுகை வந்தால் குடிக்க இந்தத் தண்ணீர்தான். ஏற முடிந்தவர்கள் ஏறுங்கள். அன்று எனக்குக் கால் ஒத்துழைக்கவில்லை, பாதியில் சாப்பாட்டு நினைப்பும் வந்துவிட்டது.

கிராமத்தில் தங்கிய வீட்டு அம்மா இரவுச் சாப்பாட்டுக்கு மமலிகா வைத்தார். மக்காச்சோள மாவில் கிண்டிய களி. மேலே உப்பு ஆட்டுப்பால் கட்டியும் புளித்த பாலேடும். மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர், புரேபிஸ்டா இதைச் சாப்பிட்டிருக்க முடியாது. அதற்கு முன்பு இவர்கள் தினையில் களி கிண்டினார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் சின்னக் கண்ணாடிக் கோப்பையில் ட்சுய்கா வந்தது. பிளம் பழத்தைப் புளிக்கவைத்து வீட்டிலேயே காய்ச்சிய சாராயம். "எங்கள் ராஜா வெட்டச் சொன்னது திராட்சையைத்தானே, பிளம் மரத்தை இல்லையே" என்றார் அந்த அம்மா. வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்வார் போலிருந்தது. சொன்ன விதத்தில் அவ்வளவு தேர்ச்சி.

மதுவிலக்குக் கதை நடந்ததா என்று ஓட்டுநரிடம் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். எனக்கும் சந்தேகம் உண்டு. ஒரு நாடு முழுக்கக் கொடியை வெட்டியிருப்பார்கள் என்பதை நம்புவது கடினம். இன்று ருமேனியா ஐரோப்பாவின் பெரிய திராட்சை மது நாடுகளில் ஒன்று என்பதையும் மறக்க முடியாது. ஆனால் ஸ்ட்ராபோ இதைச் சொல்வது மதுவைப் பற்றிப் பேசுவதற்காக இல்லை. புரேபிஸ்டாவின் அரசு எதன் மேல் நின்றது என்பதைக் காட்டத்தான். எழுதிவைத்த சட்டம் எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. ஒரு மனிதனின் கட்டளையும் ஒரு பூசாரியின் வாக்கும் சேர்ந்து நின்றவரை நாடு நின்றது.

மறுநாள் சர்மிசெகெதுசா ரெஜியா. ஒரஷ்டியேவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். காரை நிறுத்திய பிறகும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். ஆயிரம் மீட்டர் உயரத்தில், பீச் மரங்களுக்கு நடுவே, மலைச்சரிவைப் படிபடியாகச் சமப்படுத்தி ஊரே கட்டியிருக்கிறார்கள். கல் பாவிய ஒரு வீதி கோட்டையின் கிழக்கு வாசலிலிருந்து கோயில் வளாகத்துக்கு இறங்குகிறது. அங்கே எரிமலைக் கல்லில் செய்த ஒரு பெரிய வட்டம், விட்டம் ஏறக்குறைய ஏழு மீட்டர், நடுவிலிருந்து கதிர்கள் போலப் பத்துக் கல் பட்டைகள் விரிகின்றன. சூரியன் என்கிறார்கள். அதற்கு அருகில் முப்பது மீட்டர் அகலத்தில் வட்டக் கோயில். அதில் நட்டிருக்கும் மரத்தூண்கள் நம் காலத்தவை. கோடை விடுமுறையில் வெள்ளை உடை அணிந்து, கையை விரித்து, இந்த வட்டத்திலிருந்து சக்தி பெறுகிறவர்களின் கூட்டமும் உண்டு. அவர்களைச் சுற்றிப் போய்த்தான் கல்லைப் பார்க்க வேண்டும்.

இங்கே கண்ணில் படுவதில் பெரும்பகுதி புரேபிஸ்டாவுக்குப் பிந்தியது. டெசிபாலஸ் காலத்தின் உச்சம். கோட்டைச் சுவரையே வென்ற பிறகு ரோமர்கள் மாற்றிக் கட்டினார்கள். கோயில் வளாகத்தின் சுண்ணாம்புக்கல் பீடங்கள் மட்டும் பழைய கட்டத்தைச் சேர்ந்தவை. அதனால் இந்த இடத்தை வேகமாகவே கடந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். இந்தக் காட்டில்தான் 1990-களின் கடைசியிலும் 2000-த்தை ஒட்டியும் உலோகங்காணும் கருவிகளோடு திருடர்கள் இறங்கினார்கள். பாம்பு போலச் சுருண்ட பொன் கடகங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கிலோ. 24 கடகங்கள் தோண்டப்பட்டதாக அதிகாரிகள் கணக்கிட்டார்கள்; 13 மீண்டும் வந்து சேர்ந்தன. புக்கரெஸ்டின் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தின் பெருமை அவை. 2025 ஜனவரியில் நெதர்லாந்தின் அஸ்ஸென் நகரில் கண்காட்சிக்குப் போயிருந்தபோது, அவற்றில் மூன்றும் ஒரு பொற்கவசத் தொப்பியும் வெடி வைத்துத் திருடப்பட்டன. மண்ணிலிருந்து ஒரு முறை, கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு முறை.

திரும்பும் வழியில் ஓட்டுநர் தன் பள்ளிப் பருவத்தைச் சொன்னார். 1980-ல் அவர் அட்டையில் வெட்டிய கேடயத்தைப் பிடித்துக்கொண்டு டேசிய வீரனாக நின்றவர். "வெயில்தான் நினைவிருக்கிறது. எதற்காக நிற்கிறோம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை" என்றார்.

எதற்காக என்பது பின்னால் தெளிவானது. அந்த ஆண்டில் கம்யூனிஸ்ட் தலைவர் நிக்கோலாயே சவுசெஸ்குவின் அரசு, முதல் ஒன்றுபட்ட டேசிய அரசு தோன்றி 2050 ஆண்டுகள் நிறைந்ததாக அறிவித்து நாடு முழுக்க விழா எடுத்தது. கணக்குப் போட்டால் அது கி.மு. 71-ஐ ஒட்டி வருகிறது. அந்த ஆண்டில் அரசு தோன்றியது என்று எந்தப் பழைய மூலமும் சொல்லவில்லை. ஆனால் 1980-ல் உலக வரலாற்றாய்வாளர்களின் மாநாடு புக்கரெஸ்டில் கூடவிருந்தது. விருந்தாளிகள் வரும் நேரத்தில் வீட்டில் ஒரு விசேஷம் வேண்டாமா? அதே ஆண்டு கேயோர்கே விட்டானிடிஸ் இயக்கத்தில் புரேபிஸ்டா என்ற பெயரிலேயே திரைப்படமும் வந்தது. ஜார்ஜ் கொன்ஸ்டான்டின் அரசனாக நடித்தார்.

அந்தக் காலத்தின் வரலாற்றுப் பாடம் ஒரு வரிசை வைத்திருந்தது. முதலில் புரேபிஸ்டா, பிறகு 1600-ல் மூன்று சிற்றரசுகளைச் சில மாதங்களுக்கு ஒன்றாக்கிய வீரன் மிஹாய், 1859-ல் இணைப்பு நடத்திய குஸா, 1918-ன் பெரும் இணைப்பு. வரிசையின் கடைசியில் யார் நிற்கிறார் என்பதைச் சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டும். கட்டுப்பாடு, கீழ்ப்படிதல், ஒரே தலைவன் என்று ஸ்ட்ராபோ எழுதியதெல்லாம் சவுசெஸ்குவுக்குத் தன் கண்ணாடியில் தெரிந்த முகமாகவே இருந்திருக்கும். அதே ஸ்ட்ராபோ அடுத்து எழுதியதை விழா மேடையில் யாரும் வாசித்திருக்க மாட்டார்கள்: சிலர் கிளர்ந்தெழுந்து புரேபிஸ்டாவைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். ஒன்பது ஆண்டுகளில், 1989 டிசம்பரில், அந்தப் பகுதியும் அரங்கேறியது.

இன்றைய ருமேனிய எல்லையை புரேபிஸ்டாவின் மேல் போர்த்திப் பார்ப்பதும் பொருந்தாது. அவர் கை மேற்கே இன்றைய ஸ்லோவாக்கியா வரை, தெற்கே பல்கேரியாவின் மலைகள் வரை, கிழக்கே உக்ரைனின் கடற்கரை வரை நீண்டது. அவர் அழித்த கிரேக்க நகரங்களில் ஒன்றான ஒல்பியா இன்று போர் நடக்கும் உக்ரைனில், மிகோலாயிவ் பகுதியில் இருக்கிறது. அங்கே இப்போது பயணிகள் போக வழியில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அங்கே போன டியோ கிரிசோஸ்டம் என்ற பேச்சாளர், நகரம் பழைய அளவுக்கு மீளவே இல்லை என்று எழுதினார். ஒல்பியா தொடங்கித் தெற்கே அப்பல்லோனியா வரை கடலோர நகரங்களை கெட்டே மக்கள் பிடித்ததாகச் சொல்பவரும் அவர்தான்.

நான் கடலை எட்டியது கொன்ஸ்டன்ட்சாவில். பழைய பெயர் டோமிஸ். கவிஞர் ஓவிட் கி.பி. 8-ல் நாடு கடத்தப்பட்டு வந்து, ரோமுக்குத் திரும்பாமலே இறந்த ஊர். அவரது வெண்கலச் சிலை 1887 முதல் சதுக்கத்தில் முகம் கவிழ்ந்து நிற்கிறது. மதிலுக்கு வெளியே கெட்டே வீரர்கள் அம்போடு திரிகிறார்கள் என்று கடிதம் கடிதமாக ஓவிட் புலம்பினார். புரேபிஸ்டா மறைந்து ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்பும் இந்தக் கரையில் அந்தப் பயம் அடங்கவில்லை.

அங்கிருந்து தெற்கே மங்காலியா, பிறகு வாமா வெக்கே, பிறகு பல்கேரிய எல்லை. எல்லை என்று சொல்ல ஒரு காலியான சாவடிதான் இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் இரு நாடுகளும் தரைவழியிலும் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதிக்குள் வந்துவிட்டதால், கடவுச்சீட்டை எடுக்கச் சொல்லவும் ஆள் இல்லை.

பால்ச்சிக் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளின் அடியில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் சிறிய ஊர். 1913 முதல் 1940 வரை இது ருமேனியாவிடம் இருந்தது. அப்போது ருமேனிய ராணி மேரி இங்கே ஒரு கோடை மாளிகை கட்டினார். இன்று சுற்றுலாப் பேருந்துகள் வருவது அதற்கும் அதன் பூந்தோட்டத்துக்கும்தான். எனக்கு வேலை அதைவிடப் பழைய ஊரிடம். கிரேக்கர்கள் இதை டயோனிசோபோலிஸ் என்றார்கள். டயோனிசஸ் மதுவின் கடவுள். திராட்சையை வெட்டச் சொன்ன அரசனைப் பற்றிய மிகச் சிறந்த சாட்சியம் மதுக் கடவுளின் ஊரில் கிடைத்ததை என்னவென்று சொல்வது?

அந்தச் சாட்சியம் ஒரு பளிங்குக் கல்வெட்டு. கி.மு. 48-ஐ ஒட்டி, அகோர்னியோன் என்ற தங்கள் குடிமகனுக்கு இந்த ஊரார் எடுத்த நன்றித் தீர்மானம். வசதியானவர். ஊர்க் கோயில்களில் பூசாரிப் பொறுப்புகளை ஏற்று, திருவிழாச் செலவைத் தன் கையிலிருந்து போட்டவர். கல்வெட்டின் பெரும்பகுதி இந்தத் தர்மங்களின் பட்டியல்தான். நடுவில், ஊர் நெருக்கடியில் இருந்தபோது அவர் செய்த தூதுகள் வருகின்றன. ஒரு தூது அர்கெதாவோன் என்று தோன்றும் ஓர் இடத்துக்கு. அங்கே கல் உடைந்திருக்கிறது, ஆய்வாளர்கள் இன்றும் அந்த இடைவெளியில் சண்டை போடுகிறார்கள். பிறகு புரேபிஸ்டா. திரேஸ் நாட்டு அரசர்களில் முதல்வர், மிகப் பெரியவர், ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள நிலமெல்லாம் அவருடையது என்று கல் சொல்கிறது. அந்த அரசரிடம் அகோர்னியோன் போய் நட்பைப் பிடித்தார், ஆலோசகராகவே ஆனார், தன் ஊருக்கு அவருடைய தயவைப் பெற்றுத் தந்தார்.

பக்கத்து நகரங்கள் எரிந்துகொண்டிருந்தபோது இந்தச் சின்ன ஊர் தப்பியது இப்படித்தான். கல்வெட்டின் புகழ்ச்சியில் அச்சம் எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஊரார் வாசலில் நின்ற ஓர் அரசனைப் பற்றி, அந்த ஊராரே தங்கள் காசில் கல் வெட்டி எழுதியது. அதனால்தான் ஸ்ட்ராபோவைவிட, 1980-ன் மேடைகளைவிட, நான் இதை நம்புகிறேன். இதில் புரேபிஸ்டா முன்மாதிரித் தலைவனும் இல்லை, காட்டுமிராண்டியும் இல்லை. பேசினால் கேட்கக்கூடிய, கேட்காவிட்டால் ஊரையே இல்லாமல் செய்யக்கூடிய பெரிய ஆள்.

கடைசித் தூதுதான் கதையின் திருப்பம். ரோமில் சீசருக்கும் பாம்ப்பிக்கும் உள்நாட்டுப் போர். புரேபிஸ்டா அகோர்னியோனை மாசிடோனியாவில் ஹெராக்ளேயா அருகே முகாமிட்டிருந்த பாம்ப்பியிடம் அனுப்பினார். பேச்சு நன்றாகவே முடிந்தது என்கிறது கல்வெட்டு. ஆனால் அதே கி.மு. 48-ன் ஆகஸ்டில் பார்சாலுஸ் களத்தில் பாம்ப்பி தோற்றார். டான்யூப் முதல் கடல் வரை கணக்குப் பிசகாமல் காய் நகர்த்தியவர், ரோமின் விஷயத்தில் தோற்கும் பக்கத்தில் நின்றுவிட்டார். சீசர் அதை மறக்கவில்லை. கி.மு. 44-ல் டேசியர் மேலும் பிறகு பார்த்தியா மேலும் படையெடுக்க 16 லீஜியன் படைப்பிரிவுகளையும் 10,000 குதிரைப் படையையும் தயார் செய்தார் என்று வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். மார்ச் 15-ல் சீசர் கொலையானார். ஏறக்குறைய அதே காலத்தில் புரேபிஸ்டாவும் வீழ்ந்தார். வழிகாட்டிகள் இரு கொலைகளையும் ஒன்றாகக் கட்டிச் சுவையாகச் சொல்வார்கள். ஸ்ட்ராபோ சொல்வது சிலர் எழுந்து அவரை வீழ்த்தினார்கள் என்பது மட்டுமே. கத்தியும் சதியும் பின்னால் சேர்ந்தவை.

அவருக்குப் பிறகு நாடு நான்காக உடைந்தது. அகஸ்டஸ் படை அனுப்பிய காலத்தில் ஐந்து. ஒரு காலத்தில் 2,00,000 பேரைக் களத்துக்கு அனுப்பிய மக்கள் தன் நாளில் 40,000-க்குக் குறுகிவிட்டார்கள் என்கிறார் ஸ்ட்ராபோ. பூசாரி டெசெனியஸின் இடத்துக்கு கொமோசிகுஸ் வந்து, பூசாரியும் அரசனுமாக ஒருவரே இருந்தார் என்று ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜோர்டனேஸ் எழுதுகிறார். டேசிய மலைகளைத் திரும்ப ஒரு கைக்குள் கொண்டுவரக் கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் டெசிபாலஸ் வரவேண்டியிருந்தது. ஒருவனோடு வந்த ஒற்றுமை அவனோடு போனதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது.

பால்ச்சிக்கில் கல்வெட்டைத் தேடாதீர்கள். அதை சோஃபியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இங்கே பார்க்க வேண்டியது 2007-ல் விடுதி கட்டத் தோண்டியபோது வெளிப்பட்ட தாய்த் தெய்வம் சிபெலேயின் கோயில். அகோர்னியோன் கால ஊர் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அது ஓர் அளவுகோல். ருமேனியா, பல்கேரியா இரண்டுக்கும் இப்போது ஒரே ஷெங்கன் விசா போதும். வண்டி பிடித்துக்கொள்ளுங்கள், மலைக்குள் பேருந்தை நம்ப முடியாது. பனி உருகிய பிறகு, மே முதல் அக்டோபருக்குள் போங்கள். கையில் ஒரே நாள்தான் என்றால், எல்லோரும் போகும் சர்மிசெகெதுசாவை விட்டுவிட்டு கொஸ்தேஷ்ட்டியின் படிக்கட்டை ஏறிப் பாருங்கள்.